இரண்டாம் விரல்

என் வீட்டுக்காரரைப் பயந்தாங்கொள்ளி என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும். இருபத்தேழு வருஷம் கூடவே குப்பை கொட்டியவளுக்கு இந்த உரிமைகூட இல்லையா? அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிற மனுஷர் அவர். லிஃப்ட் கொஞ்சம் குலுங்கினால் என் கையைப் பிடித்துக்கொள்வார். தும்மினால் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் இதோடு முடிந்தது என்று படுத்துக்கொண்டு, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று எனக்குச் சொல்லித்தர ஆரம்பித்துவிடுவார்.

ஆனால் அவருடைய வலது ஆள்காட்டி விரலுக்கு மட்டும் பயம் என்பதே கிடையாது. தண்ணீர்க் குழாய்களுக்கும் பம்புகளுக்கும் போடுகிற ரப்பர் வளையம் செய்யும் தொழிற்சாலையில் அவர் தரம் பார்ப்பவர். அச்சிலிருந்து வருகிற வளையங்களைத் தட்டுத் தட்டாக மேஜையில் வைப்பார்கள். ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்து, எத்தனை கடினம் என்று எண்ணிலேயே சொல்லிவிடுவார். அறுபது, எழுபது, எழுபத்திரண்டு. பிறகு கருவியை வைத்துப் பார்த்தால் ஒன்றிரண்டுகூடத் தவறாது. அதனால் அங்கே அவருக்கு மீட்டர் என்று பெயர். சரியாக இருந்தால் ‘பாஸ்’ என்பார், இல்லாவிட்டால் ‘கழிவு’.

வீட்டிலும் அந்த விரல் சும்மா இருக்காது. ரொட்டியை அழுத்துவார், தலையணையை அழுத்துவார், கல்யாணமான புதிதில் என் கன்னத்தை அழுத்தி ‘பத்து’ என்றார். போன வருஷம் முழங்கையை அழுத்தி ‘எண்பத்தைந்து, ஏறிக்கிட்டே போற’ என்றார். நானும் சும்மா விடுவேனா, அவர் மண்டையைத் தட்டி ‘நூறு’ என்றேன்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வளையத்தில் சந்தேகம் வந்தால், முழுத் தட்டையும் அப்படியே பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட வேண்டும். எந்த வளையம், எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, கண்ணாலும் காட்டக் கூடாது. சொல்லிவிட்டால், காது கேட்டதை விரலும் கேட்டுக்கொண்டு அதையே கண்டுபிடித்துவிடுமாம். இரண்டாவது ஆள் தானாக அதே வளையத்தை எடுத்தால் அது கழிவு. எடுக்காவிட்டால் பாஸ். இரண்டாவது ஆள் சொன்னதற்கு மேல் பேச்சே கிடையாது.

ஐம்பத்தொரு வயதில் அவருக்கு மூத்திரம் போவதில் தொல்லை ஆரம்பித்தது. நின்றுகொண்டே இருப்பார், வராது. வந்தால் நிற்காது. அடிவயிற்றில் ஒரு மந்தமான வலி வேறு. நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், புராஸ்டேட் தொல்லையாகத்தான் இருக்கும், டாக்டரைப் பாருங்கள் என்றேன். கல்லாவில் ஆள் இல்லாததால் கூடப் போக முடியவில்லை. தனியாகப் போய்விட்டு மாத்திரைச் சீட்டோடு வந்தார். டாக்டர் என்ன கேட்டார் என்றதற்கு, ஒன்றும் கேட்கவில்லை என்றார். அது பொய் என்று எனக்கு அப்போது தெரியாது.

மாத்திரை வேலை செய்தது, மூத்திரம் தாராளமாகப் போயிற்று. ஆனால் இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் சேர்ந்திருந்தபோது, உச்சம் வந்தது, விந்து வரவில்லை. ஒரு சொட்டு இல்லை. அவர் எழுந்து திரைச்சீலையை விலக்கி, வெளிச்சத்தில் விரிப்பை அங்குலம் அங்குலமாகத் தேடினார். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். முகம் வெளுத்துவிட்டது. தன் ஆண்மை அன்றோடு தீர்ந்தது என்று முடிவு கட்டிவிட்டார். அந்த மாத்திரையின் தாளிலேயே இது எழுதியிருக்கிறது, வெளியே வர வேண்டியது உள்ளே மூத்திரப்பை பக்கம் திரும்பிவிடுகிறது, ஆபத்தில்லை என்று சொன்னேன். தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் வந்து, மற்றவர்கள் போகும் வரை காத்திருந்து இதைக் கேட்கிற ஆண்களுக்கெல்லாம் நான் விளக்கம் சொல்லியிருக்கிறேன். கட்டின புருஷன் நம்பவில்லை.

நான் சொன்னதை நம்பாதவர் போனில் படித்ததை நம்பினார். விந்து வராமலே உச்சம் அடைவதற்கு மெனக்கெட்டுப் பழகுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்களாம். புராஸ்டேட்டை விரலால் மெல்லத் தடவிக் கொடுத்தால் அது வருமாம். தொடங்குகிறவர்களுக்கு என்று ஒருவர் வரிசையாக அறிவுரை எழுதியிருந்தார். தனக்கு நோய் என்று நினைத்ததை மற்றவர்கள் பாடம் மாதிரிப் படிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்கு உயிர் வந்தது. டாக்டரிடம் கேளுங்கள் என்றேன், அதைப் போய் எந்த வாயால் கேட்பது என்றார். என்னிடம் சொல்லவே பத்து நாள் ஆகியிருந்தது. கையுறையும் வழுவழுப்பு ஜெல்லும் வாங்க, என் கடையை விட்டு இரண்டு பஸ் மாறி வேறு கடைக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவள் எனக்குத் தெரிந்தவள்தான், மறுநாளே போன் செய்தாள்.

அறிவுரைகளைத் தொழிற்சாலைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்தில் எழுதிவைத்திருந்தார். நகத்தை ஒட்ட வெட்டித் தேய்க்க வேண்டும். முதலில் கழிவறைக்குப் போய் வர வேண்டும். போதும் என்று தோன்றுவதைவிட இரண்டு மடங்கு ஜெல். பக்கவாட்டில் படுத்து முழங்காலை மடக்கி, விரலைத் திணிக்காமல், தசை தானாக இளகும் வரை வாசலிலேயே காத்திருக்க வேண்டும். உள்ளே இரண்டு அங்குலத்தில், தொப்புள் இருக்கிற பக்கமாக, கட்டைவிரலின் அடிச்சதை மாதிரி மெத்தென்று ஒன்று தட்டுப்படும். மூடிய கண் இமையைத் தொடுகிற அளவுக்குத்தான் அழுத்தலாம். வலித்தால் நிறுத்து, காய்ச்சலோ எரிச்சலோ இருந்தால் தொடாதே. கடைசியாக ஒன்று, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். உச்சம் வருமா என்று காத்திருக்காதே, காத்திருக்கிறவனுக்கு வராது.

காத்திருக்காதே என்று இவரிடம் யார் சொல்ல முடியும்? முதல் நாள் தாழ்ப்பாளை மூன்று தடவை பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பேட்டை ஒவ்வொரு வரியாக வாசிக்க வேண்டுமாம். நானும் வாசித்தேன். ‘மூச்சை மெதுவாக விடு’ என்று நான் வாசிக்க, ‘விட்டாச்சு, அடுத்தது’ என்று அவர் கேட்க, எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ராத்திரி வரை பேசவில்லை. இரண்டாவது வாரம் ஒன்றும் நடக்கவில்லை, மூன்றாவது வாரம் மூத்திரம் வருகிற மாதிரி இருக்கிறது என்று பாதியில் ஓடினார். அப்படித்தான் இருக்கும், பொறு என்று அதிலேயே எழுதியிருந்தது. நான் அந்த வரியை வாசிக்க மறந்துவிட்டேன்.

ஐந்தாவது வாரம் நான் வாசிக்கவில்லை, அவர் கேட்கவும் இல்லை. வெளியே மழை. அவர் முதுகில் என் கை இருந்தது. தொடையில் லேசாக ஒரு நடுக்கம் ஆரம்பித்து, மெதுவாக முதுகுக்கு ஏறி, அடங்கி, மறுபடி வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி என்னைப் பார்த்தார். ‘செத்துட்டேன்னு நெனச்சேன்’ என்றார். அந்த மனுஷர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷக் கணக்காகியிருந்தது. எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

அப்படி இரண்டு மாதம் போயிற்று. பிறகு திடீரென்று நிறுத்திவிட்டார். கையுறைப் பெட்டி அலமாரி உச்சிக்குப் போயிற்று. கேட்டால் அலுப்பு என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு நாள் காலை ரொட்டியை எடுத்தவர் அதை அழுத்தாமலே தின்றார். அன்று முழுக்கக் கவனித்தேன். தலையணையை அழுத்தவில்லை, சோபாவை அழுத்தவில்லை, என்னை அழுத்தவில்லை. அந்த விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டே நடந்தார்.

இரண்டு நாள் கழித்து, அவருடைய பக்கத்து மேஜைக்காரர் கடைக்கு வந்தார். இருமல் மருந்து ஒன்று வாங்கிக்கொண்டு நின்றார், போகவில்லை. பிறகு, ‘அண்ணி, மீட்டருக்கு என்ன ஆச்சு? பதினஞ்சு நாளா எல்லாத் தட்டையும் என் பக்கமே தள்ளிவிடறார். நல்ல வளையத்தக்கூட பாஸ்னு சொல்ல மாட்டேங்கறார்’ என்றார். தன் விரலையே நம்பாத மீட்டரை வைத்துக்கொண்டு தொழிற்சாலை என்ன செய்யும், மேலே தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்றும் சொன்னார். கடையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். எதிரே உட்கார்ந்தேன். கேட்டேன், திட்டினேன், அழுதேன்கூட. கடைசியில் மேஜைத் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

‘ஒரு தட்டு உன் பக்கம் தள்ளட்டுமா?’

எனக்குப் புரியவில்லை. விழித்தேன்.

‘உள்ள ஒரு சந்தேகம் இருக்கு. எந்த இடம், எந்தப் பக்கம்னு சொல்ல மாட்டேன். நீ பாரு. உனக்கும் தட்டுப்பட்டா கழிவு. இல்லன்னா பாஸ். பாஸ்னா நான் மறந்துடறேன்.’

அப்போதுதான் புரிந்தது. கூடவே அவருடைய அண்ணன் ஞாபகமும் வந்தது. புராஸ்டேட்டில் புற்று வந்து போனவர். மூத்திரத்தில் ரத்தம் வருவதை வெட்கப்பட்டு ஒரு வருஷம் யாரிடமும் சொல்லாமல் மறைத்துவைத்தார். கடைசி மாதங்களில் அவருடைய முதுகெலும்பு வலியை இவர்தான் பக்கத்தில் இருந்து பார்த்தார். அண்ணனின் தம்பி என்ன பயப்படுவார் என்று இனி யாரும் எனக்கு விளக்க வேண்டாம்.

அன்றைக்கே பார்த்தேன். மாலை நாலு மணி இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டினேன், அவருடைய குறிப்பேட்டில் இருந்தபடியே எல்லாம் செய்தேன். அவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார், முதுகு முழுக்க வேர்வை. என் விரல் என்ன விரல், மாத்திரை அட்டை வெட்டுகிற விரல். மெத்தென்ற சதை தட்டுப்பட்டது. வலது பக்கம் மெத்து, நடுவில் மெத்து, இடது பக்கம் கீழே மெத்து. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். இடது பக்கம் மேலே போனபோது, துணிக்கு அடியில் மிளகு கிடக்கிற மாதிரி ஒன்று இருந்தது. கையை எடுக்காமல் மறுபடி பார்த்தேன். இருந்தது.

ஒரு நொடி பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எழுதவே கூசுகிறது, ஆனால் தோன்றியது. பாஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த முதுகு அப்படியே தளர்ந்துவிடும். ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார். நாளைக்கு ரொட்டியை அழுத்துவார். இரண்டாவது ஆள் சொன்னதற்கு மேல் பேச்சே கிடையாது என்பதால் அவர் மறுபடி தொட்டுப் பார்க்கவும் மாட்டார், அண்ணனைப் போலவே ஒரு நாள் போய்விடுவார்.

‘உங்க இடது பக்கம்’ என்றேன். ‘மேல.’

அவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் படுத்தேன். தண்ணீர்க் குழாயைச் சரியாக மூடவில்லை போல, சொட்டிக்கொண்டே இருந்தது. எழுந்து போய் மூட இரண்டு பேருக்குமே தெம்பில்லை.

மறுநாள் காலை டாக்டரிடம் நானும் போனேன். முப்பது, முப்பத்தைந்து வயசுதான் இருக்கும் அவருக்கு. முதல் தடவை புராஸ்டேட்டுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, எண் சாதாரணமாகத்தானே இருக்கிறது, மூத்திரமும் சரியாகிவிட்டதே, பிறகு எதற்கு வந்தீர்கள் என்றார். என் வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் என் முழங்காலில் கை வைத்து நிறுத்திவிட்டுத் தானே சொன்னார்.

எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரை தின்று வறண்டு போனது, போனில் படித்தது, கையுறை, ஜெல், ஞாயிற்றுக்கிழமைகள், தட்டுப்பட்டது. காது மடல் சிவந்துவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசியில் இன்னொன்றையும் சொன்னார். முதல் நாள் டாக்டர் கேட்டிருக்கிறார், குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று. இவர் இல்லை என்று சொல்லியிருக்கிறார். உண்டு என்றால் உடனே சோதித்துப் பார்ப்பார்கள், பார்த்தால் இருந்துவிடுமோ என்று பயம்.

‘அண்ணன் சார். கூடப் பொறந்தவரு.’

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். எந்தப் பக்கம் தட்டுப்பட்டது என்று கேட்டார்.

‘அத நான் சொல்லக் கூடாது சார்’ என்றார் இவர். ‘நீங்களே பாருங்க.’

டாக்டர் இவரைத் திரைக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், வாய் மட்டும் ‘வலது, வலது’ என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் வலது என்று சொல்லிவிட்டால் நாங்கள் இரண்டு பேருமே தப்பு, எல்லாம் பிரமை, வீட்டுக்குப் போகலாம். கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். ‘இடது பக்கம், மேல, சின்னதா’ என்றார்.

‘நான் தடவினதாலதான் வந்ததா?’ என்று இவர் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது, சிரித்துச் சிரித்துப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவள் நான்தானே. அதனால் வராது, அது முன்னாலேயே இருந்திருக்கும், ஆனால் இனிமேல் அதைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். ரத்த எண்ணை நம்பிக்கொண்டு இருந்திருந்தால் இன்னும் இரண்டு மூன்று வருஷம் யாருக்கும் தெரிந்திருக்காது என்றும் சொன்னார். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், முடிவு வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் அடுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. பயப்படுவதற்கு ஒன்று கிடைத்துவிட்டதால் மற்ற பயங்களுக்கு அவரிடம் நேரமில்லை.

புற்றுதான். வெளியே பரவவில்லை. புராஸ்டேட்டையே எடுத்துவிடலாம் என்றார்கள்.

அறுவைக்கு முந்தின நாள் கையெழுத்து வாங்க டாக்டர் கூப்பிட்டார். கொஞ்சம் தயங்கி, அம்மா ஐந்து நிமிஷம் வெளியே இருக்கட்டுமா என்றார். இவர் வேண்டாம், இருக்கட்டும் என்றார். டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இதற்குப் பிறகு விந்து என்பதே வராது, உச்சம் வரலாம், ஆனால் வறண்டதாகத்தான் இருக்கும், பல ஆண்கள் இந்த இடத்தில் மனசு உடைந்துபோகிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். இவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

‘அது பரவால்ல சார். பழகிக்கிட்டேன்’ என்றார். பிறகு, ‘அந்த விரல் வச்சுப் பண்றது இனிமே இல்ல. அப்படித்தானே?’ என்று கேட்டார்.

‘ஆமா. அந்தச் சுரப்பியே இருக்காது.’

இவர் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

வெளியே நடைபாதையில் ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தோம். சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு யாரோ போனார்கள். அவர் என் முழங்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரலால் அழுத்தினார். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. எவ்வளவு என்று கேட்டேன்.

‘தெரியல. விரல் நடுங்குது.’

அந்த விரல் நடுங்கி நான் பார்த்ததில்லை. என்னைப் பார்க்காமல் கேட்டார். நாளைக்கு உள்ளே இருப்பதை எடுத்துவிடுவார்கள், பக்கத்து நரம்பு அறுபட்டால் விறைப்பும் போகலாம் என்கிறார்கள், மீதி இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய் என்று. கேட்டு முடிப்பதற்குள் உதடு கோணிவிட்டது. எனக்கும் பயம்தான். கத்தியும் பயம், அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரப்போகிற ரத்த எண்ணும் பயம், வெறும் வீட்டுக்கு நான் மட்டும் திரும்பிப் போவேனோ என்று அதைவிடப் பெரிய பயம்.

அவர் சட்டையின் மேல் பொத்தானுக்குப் பக்கத்தில், நெஞ்சில் என் விரலை வைத்து அழுத்தினேன். எனக்கு எண்ணெல்லாம் தெரியாது.

‘பாஸ்’ என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரெண்டாவது ஆள் சொல்லியாச்சு, இனிமேல் பேசக் கூடாது என்றேன். அவர் பேசவில்லை.